வேறு இடத்தில் சேமிக்கவும்

மீட்டெடுத்த ஒலிப்பதிவில் மகள் இருமினாள். அசலில் அவள் இருமவில்லை.

அவருக்குத் தெரியும். அவள் இறந்த பிறகு தினமும் கேட்ட பதிவு அது. எட்டாம் வாய்ப்பாடு, நடுவில் ஒரு தடுமாற்றம், ஒரு சிரிப்பு, "போதும்ப்பா." இருமல் ஆஸ்பத்திரியில்தான் வந்தது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'பேக்கப் சக்கரவர்த்தி' என்று பட்டப்பெயர். காப்பு நகலின் அவசியம் பற்றி மேடையேறி முழங்கி, கேடயமும் வாங்கியவர். அந்த முழக்கத்தின் வீடியோவைக் கணினியில் ஏற்ற இடம் போதாமல், 'பழைய குப்பை' என்று எதையோ அழித்தார். அழிந்தது மகளின் குரல். ஊருக்கெல்லாம் மூன்று நகல் வைக்கச் சொன்ன மகானிடம் அவளுக்கு இன்னொரு நகல் இல்லை.

கணினி பழுதுபார்ப்பவர் போனில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்களே இப்படிப் பண்ணா எப்படி சார்? மீட்கிற சாஃப்ட்வேர் ஓட்டுங்க. ஆனா அதே டிஸ்க்ல சேவ் பண்ணிடாதீங்க, மிச்சம் இருக்கறது மேலயே எழுதிடும். வேற எடத்துல போடுங்க."

இதையும் அவர் மேடையில் சொல்லியிருக்கிறார். ஆனால் வேறு டிஸ்க் வாங்கிவரும்வரை பொறுமை இல்லை. அதே டிஸ்கிலேயே சேமித்தார்.

"என்னங்க, கெடச்சுதா?" அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"வந்துடும், இரு."

"மேடையில கிழிச்சதெல்லாம் போதும். எம் பொண்ணு குரல எனக்குக் குடுத்துடுங்க."

வெளியே மழைக்கு முன்னால் மதியம் இருண்டுகொண்டு வந்தது. கணினியின் விசிறி மூச்சுத் திணறுவதுபோல இழுத்து இழுத்துச் சுழல, சூடேறிய தூசியின் வாடையோடு, இந்த வீட்டுக்குள் வந்திருக்கவே முடியாத மருந்து வாடை ஒன்றும் மெல்லக் கலந்து வந்தது. மீட்டதில் அடுத்த பதிவைத் திறந்தார்.

"எட்டொண்ணு எட்டு..." பிறகு அவருடைய குரல், மேடைக் குரல்: "நண்பர்களே, காப்பு நகல் என்பது ஒரு வாழ்க்கை நெறி!" கைதட்டல். அது அடங்கியதும் மகள்.

"அப்பா, இங்க பூரா நீங்கதான் பேசிட்டிருக்கீங்க. நான் எங்கப்பா உக்காருவேன்?"

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திரையைத் தடவினார்.

"இரு கண்ணு. அப்பா எடம் பாக்கறேன்."

திரையில் ஒரு கட்டம் விரிந்தது. 'வேறு இடத்தில் சேமிக்கவும்.' கீழே ஒரே ஓர் இடம். அதற்குப் பெயர் இல்லை. அவர் எதையும் செருகியிருக்கவில்லை.

அழுத்தினார்.

பச்சைக் கோடு நகர்ந்தது. அடுத்த அறையில் துணி உதறும் சத்தம் நின்றது.

"என்னங்க... எனக்கு என்னமோ..."

இருமல்.

கோடு பாதியைத் தாண்டியது. பக்கத்திலேயே ரத்து செய்யும் பொத்தான். அவருக்குப் புரிந்துவிட்டது. யார் மேல் எழுதிக்கொண்டிருக்கிறது என்று. நிறுத்தினால் மகள் போவாள்.

விரல் பொத்தானுக்கு மேலே போனது. அங்கேயே நின்றது.

மனைவி அறை வாசலுக்கு வந்தாள். நரையோடிய தலை. வாயில் எட்டாம் வாய்ப்பாடு. கண்கள் மட்டும் இன்னும் அவளுடையவை. அவரைப் பார்த்தன. திரையைப் பார்த்தன. கெஞ்சின.

கோடு நகர்ந்தது.

ஒரு கண் சிரித்தது. மற்றது அழுதுகொண்டே இருந்தது. அவள் தன்னைத் தூக்கச் சொல்லி, இரண்டு கைகளையும் அவரை நோக்கி உயர்த்தினாள்.