டிரெய்லரை விட்டு இறங்காத படகு

என் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே வேலையில் சேர்த்துவிடக் கூடாது. விட்டால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் முற்றத்தில், டிரெய்லர் மேல் ஒரு பத்தடிப் படகு உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு விரிசல். அதுவும் சரியாக டிரெய்லரின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே. படகை இறக்கினால்தான் அதை அடைக்க முடியும். அடைத்த பசை காய ஒரு ராத்திரி வேண்டும். நாளைக்கு ஏரியில் நானே துடுப்புப் போடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை வேலைக்காக வெளியூர் போனால், அவர் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும்.

டிரெய்லரோ இரவல். வேறொரு படகை ஏற்றுவதற்காக மெக்கானிக் மாமா பன்னிரண்டு மணிக்கு வந்து எடுத்துப்போவார். நாளைக் காலையில்தான் திரும்பக் கொண்டுவருவார். மணி இப்போதே பதினொன்று.

காலையிலிருந்து நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே எரிச்சல் வரும். முதல் அரை மணி நேரம் இருவரும் படகைத் தள்ளினார்கள். அசையவில்லை. சித்தப்பா சும்மா சாய்ந்துகொண்டு நிற்கிறார் என்றார் அப்பா. அப்பா தள்ளுவதைவிட மூச்சு வாங்குவதுதான் அதிகம் என்றார் சித்தப்பா. அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, படகின் முன்பக்கத்தை டிரெய்லரோடு கட்டியிருக்கும் பட்டையை அவிழ்க்க வேண்டாமா என்று கேட்டார். அவர் அவிழ்த்திருப்பார் என்று இவரும், இவர் அவிழ்த்திருப்பார் என்று அவரும் நினைத்தார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பட்டையை அவிழ்த்த பிறகாவது வேலை நடந்ததா? கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். படகு வந்தது. கூடவே டிரெய்லரும் வந்தது. முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊர்வலம் போனார்கள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ குறுக்க வராத. தம்பியப் பாத்துக்கிட்டு அங்கயே உக்காரு," என்றார் அப்பா.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. திண்ணையில் மூன்று வயதுத் தம்பி என் தொடைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பட்டப்பெயர் வாலு. என் கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் அவனைத் தூக்கினால் விழித்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்கிவிடுவான். அதனால் பக்கத்தில் கிடந்த தலையணையை அவன் தலைக்கடியில் மெல்ல நுழைத்தேன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். வாலு அசையவே இல்லை.

அட, இவ்வளவுதானா! முற்றத்துக்கு ஓடினேன்.

"அப்பா, படகை இழுக்காதீங்க. டிரெய்லரை இழுங்க."

"அதான் சொல்லாமலே வருதே," என்று சித்தப்பா சிரித்தார்.

"வரட்டும். படகை மரத்துல கட்டிப்போட்டு, அடியில டயரை வச்சுட்டு, டிரெய்லரை மட்டும் உருவுங்க. வாலு தூங்கும்போது நான் காலை உருவுற மாதிரி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு. அவ சொல்றதையும்தான் பாப்போமே."

முடிச்சு யார் போடுவது என்று மறுபடி ஆரம்பித்தார்கள். படகின் பின்பக்கத்தை முற்றத்து மரத்தோடு சேர்த்து நானே போட்டேன். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கியதும், படகின் பின்பக்கம் சாய்ந்து பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தது. பிறகு டிரெய்லரை முன்னால் இழுத்தோம். படகு முனகியது. கயிறு விறைத்தது. டிரெய்லர் மட்டும் மெதுவாக நகர்ந்தது. கடைசியில் படகின் மூக்கை நால்வரும் தாங்கிப் பிடித்து, இன்னொரு டயர்மேல் இறக்கினோம்.

மெக்கானிக் மாமா வந்தபோது காலி டிரெய்லர் வாசலில் தயாராக நின்றது. யார் யோசனை என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினார். மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அது தெருமுனை திரும்பிய பிறகுதான் சித்தப்பா தலையைச் சொறிந்தார். "ஆமா, நாளைக்கு இதை மறுபடி எப்படி ஏத்துறது?"

அப்பா படகைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா."

"முதல்ல விரிசலை அடைங்க. அப்புறம் சொல்றேன்," என்றேன்.

இருவரும் முதல் முறையாகச் சண்டையில்லாமல் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு குனிந்தார்கள்.