எட்டாயிரம் நாற்காலிகள்

மெய்ச்சட்டை இல்லாத வீடு கோவையில் இல்லை என்றே சொல்லலாம். சனிக்கிழமை மாலை ஆறு மணியானால் தெருவில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். அவரவர் அறையில் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கூடைப்பந்து ஆடுவார்கள். உட்கார்ந்த இடத்திலேயேதான். களத்தில் ஓடும் வீராங்கனையின் மார்பில் ஒட்டிய நாடிப்பட்டை அவளுடைய மூச்சு, துடிப்பு, தசையின் முறுக்கு, மனத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் திரட்டி அனுப்பும். சட்டை அதை அப்படியே போட்டிருப்பவர் உடம்பில் எழுப்பும். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் ஆசாமிகள்கூட, வளையம் வரை எம்பிக் குதித்துவிட்டு வந்த களைப்பில் காப்பி கேட்பார்கள்.

அப்புறம் எவன் அரங்குக்குப் போவான்? போனால் தூரத்தில் பத்துப் பேர் ஓடுவது தெரியும், அவ்வளவுதான். அரங்குக்குள் சட்டையும் வேலை செய்யாது. பத்துப் பட்டைகளின் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். நாலே வருடத்தில் சிங்காநல்லூர் அரங்கின் எட்டாயிரம் நாற்காலிகளும் காலியாயின. அதற்காக ஒருவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சென்னியப்பனுக்கு மெய்ச்சட்டை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவன் மனைவி தாமரைநாச்சி, நொய்யல் அணியின் நட்சத்திரம். நாற்பது லட்சம் பேர் அவளுடைய பட்டையோடுதான் இணைந்திருந்தார்கள். அவர்களில் சென்னியப்பனும் ஒருவன். பெண்டாட்டியின் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் பாக்கியம் வேறு எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

இந்தப் பருவத்தில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. சட்டையைப் போட்டால் நெஞ்சுக்குள் குளிர்கிறது. அதுவும் நாச்சி தனியெறிக்கு நிற்கும்போது. எதிரணி தவறிழைத்தால், யாரும் மறிக்காமல் கோட்டில் தனியாக நின்று எறியக் கிடைக்கும் வாய்ப்பு அது. சென்னியப்பன் நூற்றுக்கணக்கான சட்டைகளைச் சோதிக்கச் சொன்னான். தன்னுடைய சட்டையையும் பிரித்துப் போட்டு மாட்டினான். சட்டையில் ஒரு குறையும் இல்லை. குளிர் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார்கள். அவள் அச்சில் வெந்த மாவை வைக்க, அவன் பிடியைத் திருகினான்.

“ஏங் கண்ணு, ஃப்ரீ த்ரோ போடறப்ப நெஞ்சுக்குள்ள ஜில்லுனு ஆவுதே, அது என்னது?”

நாச்சி தட்டைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“பந்தக் கையில வாங்குனதும் ஒருக்கா மேல பார்ப்பேனுங்க. சின்னதுலருந்து அப்படியே பழக்கம். மேல ஒருத்தரும் இல்ல. ஸ்பீக்கர்ல கைதட்டற சத்தம் மட்டும் போடறாங்க. அதுக்குள்ள ஒருத்தர் இருமுவாரு. ஒவ்வொரு மேட்சுலயும் அதே ஆளு, அதே இருமலு.”

“அதுக்கு ஏன் வெசனப்படறே? நாற்பது லட்சம் பேரு உன்ற கூடவே ஓடறாங்க. நானே உனக்குள்ளதான அம்மிணி இருக்கறேன்!”

“நீங்க இருக்கறது எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவன் பிடியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினான்.

“திங்கக்கெழம லெட்டர் குடுத்தரலாம்னு இருக்கேனுங்க,” என்றாள் அவள். “வெளையாட்டு போதும். ஆடி முடிச்சுட்டு வந்தா எதோ கெணத்துக்குள்ளருந்து ஏறி வந்தாப்பல இருக்குது.”

அன்று மாலை அவன் அவளிடம் சொல்லாமல் அரங்குக்குப் போனான். நுழைவாயிலில் இருந்த அம்மாள் பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். “எங்க வேணாலும் உக்காருங்க சார், ஆரும் கேக்க மாட்டாங்க,” என்று சிரிக்காமல் சொன்னார்.

அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே தவித்துப்போனான். நாலு வருடமாக அவளுடைய ஒவ்வொரு மூச்சையும் அறிந்தவனுக்கு, அவள் கணுக்கால் வலிக்கிறதா என்றுகூட இப்போது தெரியவில்லை. கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. முகத்தைப் படிப்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

கடைசிப் பத்து விநாடி. நொய்யல் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. நாச்சிக்கு இரண்டு தனியெறிகள். பந்தை வாங்கினாள், வழக்கம்போல் மேலே பார்த்தாள். பார்வை மூன்றாவது வரிசையில் வந்து நின்றது. ஆட்டச் சட்டையின் கழுத்தை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைத் தொடக்கூட இல்லை.

தோல்வி.

நாம்தான் கெடுத்தோம் என்று சென்னியப்பன் குறுகிப்போனான். காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் நாச்சி பேசவில்லை. வீடு நெருங்கும்போது, “அடுத்த வாரமும் வருவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல கண்ணு, சத்தியமா வரமாட்டேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் தணியட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஞாயிறு காலை, நாச்சி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ராஜினாமா எழுத உட்கார்ந்தாள். கூடத்தில் சென்னியப்பன் புகார் கேட்கும் ஹெட்செட்டை மாட்டியதும், பொள்ளாச்சியிலிருந்து மாசிலாமணி என்று ஒருவர் இணைப்பில் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரராம்.

“சொல்லுங்க ஐயா, சட்டைல என்ன பழுது?”

“பழுதில்லீங்க. நேத்து அந்தப் புள்ள ஃப்ரீ த்ரோவுக்கு நின்னுச்சே, அப்ப யாரைப் பார்த்துச்சு?”

சென்னியப்பன் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“யாரோ அதுக்கு வேண்டப்பட்ட ஆளு வந்துருக்கோணுமுங்க. நெஞ்சு அப்படியே பொங்கிருச்சு. கையில பலமே இல்ல, கண்ணு கலங்குது, பந்து எங்க போனா என்னன்னு ஆயிருச்சு. எனக்கு வயசு அறுவத்தெட்டு. என்னை ஒருத்தரு தேடி வந்த மாதிரி அப்படி ஒரு சந்தோசம் இதுவரைக்கும் பட்டதில்லீங்க.”

நாற்பது லட்சம் பேருக்கு அது தெரிந்திருக்கிறது. முன்பின் தெரியாத தபால்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் சட்டை போடாமல் இருந்த அவனுக்கு மட்டும் தெரியவில்லை. வரமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருக்கிறான், மடையன்.

“அப்புறம் என்னங்க ஐயா புகாரு?” என்று கேட்டான்.

“சட்டையக் கழட்டுனேனுங்க. கழட்டுனதும்தான் குளிருது. இங்க என்னைத் தேடி ஆரும் வரலையே. பையனும் மருமகளும் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. அவங்களும் சட்டை போட்டுட்டு இதையேதான உணர்ந்திருப்பாங்க? ஒருத்தராச்சும் எந்திரிச்சு வரலைங்களே.”

“நீங்க எந்திரிச்சுப் போனீங்களா?”

மறுமுனையில் ஒரு நாற்காலி தரையில் உரசும் சத்தமும், ஒரு கதவை யாரோ மெல்லத் தட்டும் சத்தமும் கேட்டன.

சென்னியப்பன் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். உள்ளறைக் கதவைத் தட்டினான். நாச்சி திறந்தாள். என்ன நினைக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தாலும் கேட்டான்.

“சனிக்கெழம நான் எந்த வரிசைல உக்காரட்டும் கண்ணு?”