செவலையின் கன்னப்பட்டை

1958 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. மாலை மணி நான்கு.

மதியத் தூக்கம் கலைந்து அய்யாக்குட்டி கொல்லைக்குப் போனபோது லாயத்தில் அவர் குதிரை செவலை இல்லை. வண்டி நின்றது. கடிவாளம் ஆணியில் தொங்கியது. முளைக்கயிற்றை யாரும் அறுக்கவில்லை, பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கிக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களை ஏற்றித்தான் மேலகரத்து அய்யாக்குட்டி பிழைத்தார். சீசன் நடுவில் செவலை போனால் வண்டி வெறும் மரக்கட்டை. அவர் மனைவி உலகம்மை ஆற்றில் துவைத்த துணி மூட்டையோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, மூட்டையை இறக்காமலே நின்றாள். தை மாதம் நாலு வயசுப் பெண்ணைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு அவள் எதற்கும் வாய் திறப்பதில்லை என்று தெருவே சொல்லும்.

மறுநாள் காலை மணி எட்டு.

சிற்றாற்றங்கரையில், மேலகரத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு மாந்தோப்பில் செவலை தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஏட்டு முத்துக்குமாரசாமி மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஏசுவடியானுக்கு ஆள் அனுப்பினார்.

ஏசுவடியான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். குதிரைத் திருட்டு அவருக்கு வெறும் போலீஸ் விவகாரம் இல்லை. போன வருஷம் சீசன் முடியுமுன் இரண்டு குதிரைகள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் கடத்தப்பட்டு, அடையாளம் சொல்ல வழியில்லாமல் போயே போய்விட்டன. கார்த்திகையில் வண்டிக்காரர்களைக் கூட்டிவைத்து அவர்தான் பேசினார். தொடையில் சூட்டுக்கோல் வைக்கலாம், காது நுனியை வெட்டலாம், குளம்பில் எண் சுடலாம். பாதிப் பேர் தொடைச் சூட்டுக்குச் சம்மதித்தார்கள். அய்யாக்குட்டி மட்டும், "வாயில்லாச் சீவனை நான் சுடச் சம்மதிக்க மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். வலிக்காத வழியென்று ஏசுவடியான் குளம்பைக் காட்டினார். லாடக்காரர் நல்லக்கண்ணு வலது முன்னங்குளம்பில் பதினேழு என்று சுட்டார்.

"இப்பம் பாரும் வே" என்றார் ஏட்டு. "எண்ணே இல்ல. சுத்தமா அரத்தால ராவியிருக்கு. அரம் யார்ட்ட இருக்கு? நல்லக்கண்ணுகிட்ட. உள்ள வச்சாச்சு."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"அழுதாரு. வேற என்ன செய்வாரு?"

ஏசுவடியான் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு முகத்துக்கு வந்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. செவலையின் இடது கன்னத்தில் எப்போதும் சிவப்புக் குஞ்சம் தைத்த தோல்பட்டை ஒன்று இருக்கும். லாயத்தில் நிற்கும்போதுகூட அய்யாக்குட்டி கழற்ற மாட்டார், கண்ணேறுக்கு என்பார். குதிரையைக் குளிப்பாட்டவும் வேறு ஆளை விடமாட்டார். அந்தப் பட்டை இப்போது இல்லை. அது இருந்த இடத்தில், கண்ணுக்குக் கீழே, காலணா அளவுக்கு வட்டமாக ஒரு சூட்டுப்புண். ஓரமெல்லாம் மஞ்சள் கறை. மேலே யாரோ வேப்பெண்ணெய் தடவியிருந்தார்கள்.

மரத்தடியில் ஒரு உடைந்த சட்டியும் அதில் கொஞ்சம் சாம்பலும் கிடந்தன.

"பீடி பத்தவச்ச நெருப்பா இருக்கும்" என்றார் ஏட்டு.

"சட்டியிலயா பீடி பத்தவைப்பான்?"



காலை மணி பதினொன்று. லாக்கப்.

நல்லக்கண்ணு சுவரோரம் குந்தியிருந்தார். லாக்கப்பில் ஒரு பொழுது இருந்துவிட்ட லாடக்காரனிடம் எந்த வண்டிக்காரன் குதிரையை விடுவான்? அதை நினைத்துத்தான் அவர் கண் வீங்கியிருந்தது.

"கடைசியா லாடம் கட்டுனது என்னைக்கு?" ஏசுவடியான் கேட்டார்.

"போன வாரம்."

"அப்பம் எண் இருந்துதா?"

"அடிப்பாகம் தேஞ்சு ஏழுல வாலு மட்டும் கெடந்துச்சு. லாடத்துக்குச் சமம் பண்ணயில அதுவும் போயிட்டு."

"அய்யாக்குட்டிகிட்ட சொன்னீரா?"

"சொல்லலியே. அதைப் பெருசா நெனக்கலியே அய்யா."

"குதிரை மூஞ்சில பட்டைக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நான் காலைப் பாக்கிறவன். மூஞ்சி எனக்கு என்னத்துக்கு?"

ஏசுவடியான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பீரோவிலிருந்த தடித்த ரிஜிஸ்தரை எடுத்தார். குளம்பு எண் தேய்வதை அவரும் கவனித்திருந்தார். அதனால்தான் புதிதாக ஒரு ஏற்பாடு தொடங்கியிருந்தார். ஒவ்வொரு குதிரையின் மயிர்ச்சுழிகளையும் படம் வரைந்து குறித்துவைப்பது. சுழியைத் திருடன் மாற்ற முடியாது, குதிரைக்கும் வலிக்காது. பத்து நாளைக்கு முன் அவர் மேலகரம் போனபோது அய்யாக்குட்டி சவாரி இல்லாததால் குதிரையை லாயத்தில் விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போயிருந்தார். உலகம்மைதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பட்டையை அவிழ்த்ததும் அவள்தான். எழுத எழுத அவர் ஒவ்வொன்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

இப்போது அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, ரிஜிஸ்தரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மாலை மணி மூன்று. மேலகரம்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. குதிரையை லாயத்தில் கட்டியாயிற்று. ஏட்டும் அய்யாக்குட்டியும் உலகம்மையும் நின்றார்கள்.

"ஏட்டையா, முதல்ல நல்லக்கண்ணை விடும்" என்றார் ஏசுவடியான். "நகம் மாதிரிதான் குளம்பும். மேல இருந்து வளந்து கீழ தேயும். எட்டு மாசத்துல எண் தானா இறங்கிப் போச்சு. மறுபடி சுடணும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

"அப்பம் திருடன் யாரு வே?"

"திருடன்னா எதை மறைப்பான்? நெத்திப் பொட்டை மறைப்பான். சாயம் பூசுனா முடிஞ்சுது. இங்க பொட்டைத் தொடவே இல்ல. புகார்ல இல்லாத ஒரு அடையாளத்தைத் தேடிப்போய்ச் சுட்டிருக்கு. பட்டைக்கு அடியில ஒரு சுழி இருந்துது. அது இருக்குன்னு தெரிஞ்சது மூணு பேருக்கு. அய்யாக்குட்டிக்கு, எனக்கு, அப்புறம் பத்து நாளா இன்னொருத்தருக்கு."

அய்யாக்குட்டி மெல்லத் திரும்பினார்.

"சூட்டுக்கோலால சுட்ட புண் இல்ல இது. விரலி மஞ்சளைக் கங்குல சுட்டு வச்சது. பிள்ளைகளுக்கு ஜன்னி கண்டா வீட்டுல செய்யித வைத்தியம். நெருப்பைச் சட்டியில கொண்டுபோயிருக்கு. ஆத்துக்குத் துணி துவைக்கப் போறவ கையில ஒரு சட்டி இருந்தா யாரு கேக்கப்போறா? சுட்டதும் வேப்பெண்ணெய் போட்டிருக்கு. திருடனுக்கு அந்த இரக்கம் எதுக்கு?" ஏசுவடியான் குரல் இறங்கியது. "ஏம்மா, அன்னைக்கு இது என்ன சுழின்னு நீ கேட்ட. கண்ணீர்ச் சுழின்னு சொல்லுவாவன்னு நான் சிரிச்சிக்கிட்டே சொன்னேன். உன் பிள்ளை நெனப்பு எனக்கு வரல."

உலகம்மை மறுக்கவில்லை.

"கண்ணீர்ச் சுழி உள்ள குதிரை வந்த வீட்டுல அழுகை ஓயாதுன்னு எங்க அப்பன் சொல்லுவாரு" என்றாள். "ஐப்பசியில இது வந்துது. தையில பிள்ள போயிட்டு. இவருக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு கம்பவுண்டரய்யா."

"நான் அதையெல்லாம் நம்புனதில்ல உலகு" என்றார் அய்யாக்குட்டி. "வேற ஒருத்தரும் சீண்டாம நின்னுது. பாவமா இருந்துது. கூட்டியாந்தேன்."

"நம்பாதவிய ஏன் பட்டையைக் கட்டுனிய?"

அய்யாக்குட்டி குதிரையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏட்டுதான் கேட்டார். "வேண்டாம்னா யாருக்காவது வித்துத் தொலைச்சிருக்கலாம்லா தாயி? சுடுவானேன், தோப்புல விடுவானேன்?"

"வாங்குத வீட்டுலயும் பிள்ள இருக்கும்லா" என்றாள் உலகம்மை. "அதான் சுழியை அழிச்சுட்டு விட்டேன். இனி அது எங்க போனாலும் எந்த வீட்டுலயும் அழுகை இருக்காது. நம்ம பிள்ளைக்குச் சுட்டப்ப அது கத்துன மாதிரி இது கத்தல. கண்ணுல தண்ணி மட்டும் வடிஞ்சுது. நல்லக்கண்ணு அண்ணாச்சியைப் பிடிச்சிட்டாவன்னு காலையிலயே தெரியும். சொல்ல வாய் வரல. அந்தப் பாவம் எனக்குத்தான்."

கயிறு தானாக அவிழ்ந்து குதிரை மேயப் போய்விட்டது என்று எழுதிக்கொள்வதாக ஏட்டு சொன்னார். நல்லக்கண்ணைத் தானே வீட்டில் கொண்டுவிட்டு, அவர்மேல் குற்றமில்லை என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு வருவதாகவும் சொல்லிக் கிளம்பினார்.

ஏசுவடியான் கை கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டார். அய்யாக்குட்டி எழுந்து, சுவரிடுக்கில் உலகம்மை செருகிவைத்திருந்த குஞ்சப்பட்டையை எடுத்தார். பிறகு அதைக் குதிரைக்குக் கட்டாமல் அவள் காலடியில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. ஆனால் ஊறவைத்த கொள்ளைக் கொண்டுவந்து செவலையின் முன்னால் வைத்தாள்.

ஏசுவடியான் ரிஜிஸ்தரைத் திறந்தார். அழியாத அடையாளம் என்ற கட்டத்தில் பத்து நாளைக்கு முன் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்த இரண்டு சொற்களை அடித்தார்.

"இப்பம் என்ன எழுதுதிய?" என்று அய்யாக்குட்டி கேட்டார்.

"இடது கண்ணுக்குக் கீழே சூட்டுத் தழும்பு" என்று வாசித்தார் ஏசுவடியான். "இது வளந்து மறையாது. தேயாது. சாகுற வரைக்கும் இருக்கும்."

உலகம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆறு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.