பதினோரு மணி பஸ்ஸில் வந்த ஃப்ளாப்பி

ட்ரிங்... ட்ரிங்...

ஹமீதா பானு கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அதற்குள் போன் அலறியது.

"ஹமீதாம்மா, உலகநாதன் பேசறேன்." சென்டரின் முதலாளி. "ஒரத்தநாட்டுல நம்ம டைப்பிஸ்ட் கலியபெருமாள் போயிட்டாரும்மா."

"எங்க சார்?"

"எங்கயா? செத்துட்டாரும்மா. முந்தாநாள் சாயங்காலம் புது ஆத்துல தவறி விழுந்துட்டாராம். நேத்தே எல்லாம் முடிஞ்சிடுச்சு."

ரிசீவரை வைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம்கூடத் தெரியாத ஒரு ஆளுக்காக!

இரண்டாயிரமாவது வருஷம். திருவாரூரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நேற்று வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர்கள் எல்லாம் அவசர அவசரமாக போர்டை மாற்றி எழுதினார்கள். அவர்களில் உலகநாதன் படு கெட்டிக்காரர். நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கான்ட்ராக்டையே தட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலை இதுதான். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர், இரண்டு ஊரில், தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. ஒரத்தநாட்டு ஃப்ளாப்பி பதினோரு மணி பஸ் கண்டக்டர் கையில் வரும். ஹமீதா இரண்டையும் ஒப்பிடுவாள். ஒத்துப்போகாத வரி மட்டும் திரையில் வந்து நிற்கும்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். காலியாகவே கிடக்கும்.

ஒருநாள் அதில், 'இங்க நல்ல மழை. அங்க?' என்று வந்தது.

பதறிப்போய் அழித்தாள். மறுநாள் திரும்பிப் போன ஃப்ளாப்பியில், 'இங்கயும்தான்' என்று அடித்து அனுப்பினாள்.

பதினோரு மாதம் அப்படியே ஓடியது. 'சாப்டீங்களா?' என்று அவளைக் கேட்க உலகத்தில் அந்தக் கட்டம் ஒன்றுதான் இருந்தது. துபாய்க்குப் போன புருஷன் மீரா உசேன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்து நாலு வருஷமாகிவிட்டது. அந்நிய ஆம்பளையோடு பேசுகிறோமே என்று தினமும் மனசு உறுத்தும். ஆனாலும் பதினோரு மணிக்குப் படியிறங்கி பஸ்ஸுக்கு நிற்பாள்.

இனிமேல் எந்த பஸ்ஸுக்கு நிற்பது?

பத்தரைக்கு உலகநாதன் வந்தார். கையில் ஒரு ஃப்ளாப்பி.

"கலியபெருமாள் கடைசியா அடிச்சது. ஒப்பிட்டு முடிச்சிடுங்க. மத்தியானம் தாசில்தார் ஆபீஸ்ல குடுத்தாகணும்."

போட்டாள். ஒரே ஒரு வரி வந்து நின்றது.

சர்வே நம்பர் 212. மூன்று ஏக்கர். ஹமீதா அடித்த பெயர் எல்லையம்மாள். கலியபெருமாள் அடித்த பெயர் பஞ்சநதம்.

"நீங்கதான் தப்பா அடிச்சிருக்கீங்க. அவரோடத ஏத்துக்குங்க. ஒரு பட்டன்தானே."

"புத்தகத்தை ஒரு தரம் பாத்துடறேன் சார்."

"அதைத் திருப்பிக் குடுத்தாச்சு."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். மிராசுதார் பஞ்சநதத்துக்கிட்டேர்ந்து நில உச்சவரம்புச் சட்டத்துல சர்க்கார் எடுத்து எல்லையம்மாளுக்குக் குடுத்த நிலம். அவர் கேஸ் போட்டுத் தோத்துட்டார். எல்லையம்மா இன்னிக்கும் அங்க நட்டு அறுத்துக்கிட்டு இருக்கு."

"நீங்க டைப்பிஸ்ட்டா, வக்கீலா?" சிரித்துக்கொண்டே கழுத்து வியர்வையைத் துடைத்தார். "நான் கீழ டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள அழுத்தி வைங்க. தனியா இருக்கற பொம்பள... இந்த வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

போய்விட்டார்.

ஹமீதாவுக்குப் புரிந்தது. பழைய பதிவேடு மூட்டை கட்டிப் பரணுக்குப் போய்விடும். அப்புறம் கம்ப்யூட்டர் சொல்வதுதான் பட்டா. கோர்ட்டில் முடியாததை ஒரு பட்டனில் முடிக்கப் பார்க்கிறார்கள். எல்லையம்மாள் நட்ட வயலுக்கு வெளியே நிற்பாள்.

விரல் பட்டன் வரை போனது... நின்றது.

குறிப்புக் கட்டங்கள்! ஐநூறு வரியிலும் காலி. ஒரு வார்த்தை இல்லை.

பதினோரு மாதத்தில் ஒருநாள்கூட அப்படி வந்ததில்லை. யாரோ இந்த ஃப்ளாப்பியில் கை வைத்திருக்கிறார்கள்.

"என்னக்கா, இன்னிக்கு கீழ வரல?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்டக்டர் கவரை நீட்டினார்.

"இ... இது எங்கேர்ந்து?"

"ஒரத்தநாட்டுலேர்ந்துதான்."

"யாரு குடுத்தா?"

"வழக்கமா குடுக்கறவங்கதான்."

கவரைப் பிரித்து உள்ளே இருந்த ஃப்ளாப்பியைப் போட்டாள். 212 வந்தது. எல்லையம்மாள்! குறிப்புக் கட்டத்தில் வரி வரியாக எழுத்து. படித்தாள். மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

படியில் செருப்புச் சத்தம்.

"அழுத்தியாச்சா?"

"ஆச்சு சார்."

உலகநாதன் திரையைப் பார்த்தார். முகம் சுண்டியது.

"எல்லையம்மாளா? யாரைக் கேட்டு மாத்தின?"

"ஒரத்தநாட்டு ஃப்ளாப்பியில அப்படித்தான் சார் இருக்கு. இப்பதான் பஸ்ல வந்துது."

"யாருடி அனுப்பினா?"

"கலியபெருமாள்னு பேர் போட்டிருக்கு."

"வாய்ப்பே இல்ல. அவனை நானே மதகுலேர்ந்து..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க, முழுசா சொல்லுங்க," என்றபடி உள்ளே வந்தார் இன்ஸ்பெக்டர் தியாகு. "மதகைத் திறந்து மூடற லஸ்கர் பாத்ததைச் சொல்லிட்டார். உங்க வாயாலயும் கேட்டுக்கறோம்."

அவருக்குப் பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண்.

"இவங்க யாரு?" உலகநாதனின் குரல் உடைந்தது.

ஹமீதா எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சௌந்தரநாயகி. கலியபெருமாள் சம்சாரம். அவர் பேர்ல அடிச்சதெல்லாம் இவங்கதான் சார். பொண்டாட்டி சம்பாத்தியம்னு ஊர் பேசக் கூடாதுன்னு அவர் பேரைக் குடுத்திருக்காங்க. அவருக்கு ஏபிசிடிகூட அடிக்கத் தெரியாதாம்."

"இவர் பஞ்சநதம்னு மாத்தச் சொல்லிக் கூப்பிட்டப்ப, முடியாதுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன்," என்றாள் சௌந்தரநாயகி. "நான் போலீசோட வர்றதுக்குள்ள அக்கா பட்டனை அழுத்திடப் போறாங்களேன்னுதான் என்கிட்ட இருந்த காப்பியை வழக்கமான பஸ்லயே அனுப்பினேன்."

சொல்லிவிட்டு ஹமீதாவின் தோளில் சாய்ந்து குலுங்கினாள். ஹமீதாவும் அடக்கவில்லை. நாலு வருஷத்தில் அவளை ஒருத்தர் தொட்டது அன்றுதான்.

உலகநாதன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தியாகு அவர் கையில் விலங்கை மாட்டினார்.

"என்ன சார் நீங்க... ஒரு பேரை ஏத்தறதுக்கே ரெண்டு பேரை வச்சு சரிபாக்கறீங்க. கொல்றதுக்கு முன்னாடி ஆள் சரியான்னு ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?"