மழைக் காட்சியில் தொலைந்த நெக்லஸ்

காலை 10:50. மேக்கப் அறையில் நகைப்பெட்டி வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த வைர நெக்லஸைக் காணவில்லை.

கதாநாயகி போட்ட கூச்சலில், ஓட்டல் முற்றத்தில் சீரியல் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த விடுமுறைக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பத்தே நிமிடத்தில் படக்குழுவோடு சேர்த்து அத்தனை பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் அடைக்கப்பட்டார்கள். கேட்டுக்குப் பூட்டு, கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்குக் கம்பி. மின்விசிறி ஏனோதானோவென்று சுற்றியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு ரயில் டிக்கெட் பரிசோதகரும் இருந்தாள். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடிக்கிறவள். இன்று அவள் பார்வை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனின் நனைந்த சட்டையை விட்டு நகரவில்லை.

"பத்தரைக்கு எங்கங்க போனீங்க?"

"பாத்ரூமுக்கு."

பொய். டிக்கெட் இல்லாதவர்களிடம் இருபது வருடமாகத் தினமும் பார்க்கிற அதே முகம், இன்று தன் வீட்டுக்காரரிடம்.

11:15. புரொடக்‌ஷன் மேனேஜர் ஒவ்வொருவரின் பையாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சுருட்டிப் பட்டன் போட்ட கறுப்புக் குடை கக்கத்தில். படக்குழுவில் மற்றவர்களின் குடைகள் கதவோரம் சொட்டிக்கொண்டிருந்தன.

"பத்து பத்துக்கு லாரித் தண்ணியில மழையை ஆரம்பிச்சோம். பத்தே முக்காலுக்கு நிறுத்தினோம். நடுவுல, பத்து இருபதுக்கு, நானே போய்ப் பார்த்தேன். பெட்டியில நெக்லஸ் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் போயிருக்கு." மேனேஜர் அவள் கணவனுக்கு எதிரே வந்து நின்றார். "முற்றத்தைத் தாண்டாம மேக்கப் ரூமுக்குப் போக முடியாது. இங்க தங்க வந்தவங்கள்ல சார் மட்டும்தான் நனைஞ்சிருக்கீங்க. எங்க போனீங்க?"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, போலீஸ்கிட்ட சொல்லுங்க. பதினொன்றரைக்கு வந்துடுவாங்க."

சுற்றி இருந்தவர்கள் ஓரடி நகர்ந்தார்கள். தன் நாற்காலியும் நகர்ந்திருப்பதைக் கண்டு அவள் கூசிப்போனாள். சட்டென்று எழுந்தாள்.

"மேனேஜர் சார், பத்து இருபதுக்கு மழை எப்படி?"

"கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. குடை இல்லாம கால் வைக்க முடியாது."

"இந்தக் குடையா?"

"ஆமா."

"கொஞ்சம் விரிங்களேன்."

மேனேஜர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "யாரும்மா நீங்க என்னைக் கேக்கறதுக்கு?"

டைரக்டர் எழுந்து வந்து குடையைப் பிடுங்கி விரித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. விழுந்தது நெக்லஸ்.

"கொட்டற மழையில பிடிச்ச குடை, சுருட்டி வச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிடுமா?" என்றாள் அவள். "மழையில மேனேஜர் போகவே இல்ல. அதுக்கு முன்னாடியே எடுத்துட்டார். பத்து இருபதுக்குப் பார்த்தேன்னு சொல்லி நேரத்தைத் தள்ளிவச்சார். பழி வேற யார் தலையிலயாவது விழணுமே! எல்லாரையும் சோதிச்சவரை மட்டும் யாரும் சோதிக்கல."

11:40. கதவு திறந்தது. கூடம் காலியானது. அவளும் கணவனும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பவாவது சொல்லுங்க."

"காலையில உதவி டைரக்டர்கிட்ட ஒரு சின்ன வேஷம் கேட்டேன்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "ஒரு வரி குடுத்து, பேசிப் பழகிட்டு வரச் சொன்னார். மழைக் காட்சியாச்சே, தண்ணி தெறிக்கிற இடமாப் பார்த்து வேலிக்குப் பின்னாடி நின்னு பேசிக்கிட்டிருந்தேன். இந்த வயசுல இதை இத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"எங்க, எனக்குப் பேசிக் காட்டுங்க."

அவன் எழுந்தான். ஈரத் தலையைக் கோதிக்கொண்டான். அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

"நீகூட என்னைச் சந்தேகப்பட்டியா?"

"இல்லங்க... ஆமா. ஒரு நிமிஷம். மன்னிச்சிடுங்க."

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அதுதான் வசனம்," என்றான்.