உப்பள ஆபீஸ் கடிகாரம்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மாயவன் வந்து பார்த்தபோது கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. பழைய சுவர்க் கடிகாரத்துக்கு நான்கு நிமிடம் ஒன்றும் பெரிய குற்றமில்லைதான். ஆனால் முந்தின நாள் தன் கையாலேயே மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மட்டப்பலகை வைத்து நேராக நிறுத்தி, சாவி கொடுத்து, அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு அதன் நடையைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் கைபட்ட எந்தக் கடிகாரமும் மறுநாளே இப்படி மூக்கை உடைத்ததில்லை.

"சனியனே" என்று அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, பெண்டுலத்தின் அடித் திருகைச் சுற்றிக் குண்டை ஒரு மயிரிழை மேலே ஏற்றினார். பெண்டுலம் நீண்டால் கடிகாரம் மெதுவாகப் போகும், குறுகினால் வேகமாகப் போகும். இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் அது.

மரக்காணம் உப்பளத்தில் கடைசிப் பாத்தியையும் தாண்டி, கழிமுகக் காற்று நேராக வந்து அறைகிற இடத்தில் இருந்தது அந்தப் பழைய ஆபீஸ். ஓட்டுக் கட்டடம். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் உப்பு கோடவுன். சுவர் கூரை வரை போகவில்லை. ஓர் ஆள் படுத்து நகரும் அளவுக்கு மேலே இடைவெளி விட்டிருந்தார்கள். இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே தேக்கு உத்திரம், சுவர்மேல் நட்ட ஒரு கட்டையில் தாங்கி, அந்த இடைவெளி வழியாக ஓடியது. மே மாத வெயிலில் வெளியே உப்புக் குவியல்களின் வெள்ளை கண்ணைக் குத்தியதால் மாயவன் சன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார். உள்ளே ஈர இரும்பும் பழைய சாக்கும் கலந்த வாடை. அந்த நடுச் சுவரில்தான், ஆள் உயரத்துக்கு மேலே, நான்கு திருகுகளில் கடிகாரம் தொங்கியது.

நல்ல பொருள். நூறு வயதுக்குக் குறையாது. பெட்டி, முகப்பு, மெஷின் எல்லாம் ஒரே பிறப்பு. இதை அவர் மூன்று முறை கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு, மேசைமேல் வைக்கிற ஒரு பிரெஞ்சுக் கடிகாரத்துக்கு அவர் அசல் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கினவன் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது வேறொரு கடிகாரத்தின் மெஷின். அன்றிலிருந்து குயிலாப்பாளையத்துக் கடைக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே சிரித்தார்கள். பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஜான்சன் ஒருவர்தான் மனசு இரங்கி இந்த ஒரு வாய்ப்பைக் கொடுத்திருந்தார். அதுவும் சும்மா கொடுக்கவில்லை.

"திங்கக்கெழம கஸ்டமர் ஃப்ளைட் ஏறிடுவாரு சார்" என்று போனில் சொன்னார். "ஞாயித்துக்கெழம சாயந்தரம் கடிகாரமும் உங்க லெட்டரும் கடையில இருக்கணும். இந்த தடவையும் சொதப்பிட்டீங்கன்னா நான் மட்டுமில்ல, வேற யாரும் உங்கள கூப்ட மாட்டாங்க."

கடிகாரம் அசல், ஒழுங்காக ஓடுகிறது என்று லெட்டர் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கடிகாரத்துக்குப் பிறகு மாயவன் தனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடுகிற கடிகாரம் என்றால், இருக்கிற சுவரிலேயே எட்டு நாளும் ஒழுங்காக ஓடிக் காட்டிய பிறகுதான் மதிப்பு. அதனால் தினமும் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உப்பு வார வரும் வேலம்மாளிடம் சாவி வாங்கித் திறந்து, வானொலிக்குச் சரிசெய்த தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு நிமிடம் பின்னால். மறுபடி திருகினார். புதன்கிழமை நொடி பிசகவில்லை. மாயவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலம்மாளுக்கும் சேர்த்து டீக்கடையில் போண்டா வாங்கினார். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போயிருக்கலாம். விதி என்று ஒன்றைப் போட்டுத் தொலைத்தாரே, அது விடவில்லை.

வியாழக்கிழமை மூன்று நிமிடம் வேகம். பல்லைக் கடித்துக்கொண்டு குண்டைக் கீழே இறக்கினார். வெள்ளிக்கிழமை பதினோரு நிமிடம் வேகம். இன்னும் இறக்கலாம் என்றால் திருகில் மரை முடிந்துவிட்டது. அதற்குமேல் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம். பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு வெளியே போய், வேலம்மாள் கொண்டுவந்த டீயைக் கீற்று நிழலில் நின்று குடித்தார்.

திரும்பி வந்தபோது பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தினார். காற்று இல்லை. மறுபடி நிறுத்தினார். அசையாமல் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தார். குண்டு ஒரு நூலளவு நகர்ந்தது, திரும்பியது, இரண்டு நூலளவு நகர்ந்தது, யாரோ ஒரு விரலால் பொறுமையாகத் தள்ளிப் பழக்குவது போல. மாயவன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பூச்சு குளிர்ந்திருந்தது. அந்தக் குளிருக்குள்ளிருந்து ஒரு தள்ளல் வந்தது. நின்றது. வந்தது. கூடவே, மேலே எங்கோ, குழந்தைத் தூளி கட்டிய கயிறு உத்திரத்தில் உராய்கிற மாதிரி ஒரு சத்தம்.

கிர்ரக். கிர்ரக்.

சுவர் தாங்கும் உத்திரத்தில் ஏதாவது கனமானது ஆடினால் சுவரில் தொங்கும் கடிகாரம் அதன் நடைக்கு இழுபடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே பலகையில் மாட்டிய இரண்டு கடிகாரங்கள் ராத்திரிக்குள் ஒன்றுபோல் ஆடத் தொடங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். பழக்கதோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு அறுபத்தாறு ஆட்டம். அறுபத்தாறு என்றால் முப்பத்திரண்டு அங்குல நீளம். எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை அங்குலம் என்கிற கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் வரும்.

சனிக்கிழமை வந்ததும் வராததுமாக வேலம்மாளைப் பிடித்தார்.

"பின்னாடி ரூம்ல எலி ஓடுதா?"

"எலியா? உப்புல இன்னா இருக்குது சார், அது துன்றதுக்கு?" என்று அவள் சிரித்தாள். "அஞ்சு வருஷமா பூட்டினது பூட்டினபடி கெடக்குது."

"ஏன் பூட்டினாங்க?"

"ஓடு ஒழுவுது சார். மழையில உப்பு கரைஞ்சி பூடுது. வேற இன்னா?"

துருப்பிடித்த பூட்டை எண்ணெய் விட்டுத் திறந்தாள். உள்ளே எதுவும் இல்லை. தரை முழுக்கப் பழைய உப்பு பாறையாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் ஒரு காலடி இல்லை, ஒரு பல்லி இல்லை. உத்திரத்தில் கயிறும் இல்லை, கொக்கியும் இல்லை. மாயவன் கழுத்து வலிக்க மேலே பார்த்தார். உத்திரம் முழுவதும் உப்புப் படிந்து வெளுத்திருந்தது, ஓரிடத்தைத் தவிர. சுவரிலிருந்து மூன்று முழம் தள்ளி, நான்கு விரல் அகலத்துக்கு, தேக்கு வழவழவென்று தேய்ந்து மின்னியது. புதுத் தேய்ப்பு. கீழே உப்பின்மேல் மரத்தூள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"பாத்துட்டீங்களா சார்? எனக்கு பாத்தில வேல கெடக்குது" என்றாள் வேலம்மாள்.

வெளியே வந்து அவள் பூட்டை அமுக்கிய அந்த 'டக்'குக்கு அப்புறம்தான் உள்ளே அது தொடங்கியது. அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மாயவன் நின்று எண்ணினார். எழுபத்துநான்கு.

பஸ்ஸில் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊசலுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. ஒரு படி உப்பைத் தொங்கவிட்டாலும் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டாலும் நடை ஒன்றுதான். நடையை மாற்றுவது நீளம் மட்டும். புதன்கிழமை நொடிக்கு ஓர் ஆட்டமாகக் கடிகாரம் சரியாக ஓடியதென்றால் அன்றைக்கு அது முப்பத்தொன்பது அங்குலம். வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டு. இன்றைக்கு இருபத்தாறு கூட இல்லை. அவர் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிய ஒரு வாரமும், கோடவுனில் தொங்கிக்கொண்டிருந்தது எதுவோ, அது ஆடிக்கொண்டே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பயம் வந்தது. பயத்தோடு வெறுப்பும் வந்தது. ஊரெல்லாம் சிரித்த பெயரை மீட்க ஒரே ஒரு கடிகாரம் கிடைத்தால், அதற்கும் இப்படியா! ஞாயிற்றுக்கிழமை காலை மரக்காணம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'எட்டு நாளும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் முறையாகத் தெரிந்தே பொய். ஜான்சனுக்குப் போன் செய்து ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார். உப்பள முதலாளியும் எடுத்துக்கொண்டு போகச் சம்மதித்துவிட்டார். கழற்ற வேண்டியது நான்கு திருகு. கால் மணி நேர வேலை. பட்டப்பகல்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திகளில் ஆள் இல்லை. வேலம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள். மாயவன் கதவை அகலத் திறந்து வைத்தார். கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னால் இருந்தது. அதைப் பார்க்காதவர் போல முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முக்காலி ஒன்றரை அடி. நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேலே உத்திரம் ஐந்தடி.

பெண்டுலத்தைக் கழற்றிக் கீழே சுவரில் சாய்த்து வைத்தார். சத்தம் நிற்கவில்லை. சுவருக்குப் பின்னால் நூறு. பதினான்கு அங்குலம்.

முதல் திருகு. துரு. வந்துவிட்டது.

இரண்டாவது. தலைமேல் உப்புத் தூள் உதிர்ந்தது.

மூன்றாவது திருகும்போது நூற்றிருபது. பத்து அங்குலம்கூட இல்லை. மூச்சிரைப்பது போன்ற அவசரம் அதில்.

நான்காவது திருகு கழன்றது. கடிகாரத்தின் முழு எடையும் அவர் இரண்டு கைகளில் இறங்கியது. கண்ணாடி நெஞ்சில் அழுந்தியது.

அந்த நொடி சத்தம் நின்றது.

மாயவன் அசையவில்லை. மேலே பார்க்கவில்லை. சுவர் உச்சியின் இடைவெளியில் ஏதோ உரசியது. உப்புச் சாக்கை இழுப்பது போல. மெதுவாக. கோடவுன் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு. உத்திரம் முனகியது. முனகல் அவர் தலையைத் தாண்டிப் போனது. முதுகுக்குப் பின்னால் நின்றது. அவருக்கும் கதவுக்கும் நடுவில்.

கிர்ரக்.

"வேலம்மா" என்றார். அவள் சந்தைக்குப் போயிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இறங்க வேண்டும். வலது காலை நீட்டித் தரையைத் தேடினார். முக்காலி சாய்ந்தது. காலை இழுத்துக்கொண்டார். கடிகாரத்தைப் போட்டுவிட்டு ஓடலாம். கைகள் விடவில்லை. போட்டால் கண்ணாடி போச்சு, முகப்பு போச்சு, பெயர் போச்சு. அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தார். அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டார்.

கண்ணை மூடினார். காது எண்ணியது. நூற்றிருபது. நூறு. அது இறங்குகிறது. தொண்ணூறு. பதினேழு அங்குலம். எண்பது. இருபத்திரண்டு அங்குலம். என் தலை அறுபது அங்குலத்தில் இருக்கிறது. இன்னும் மூன்றடிக்கு மேல் இருக்கிறது. நேரம் இருக்கிறது. மெதுவாக, சுவரைப் பிடித்தபடி, இடது காலை...

பிடரியில் ஏதோ பட்டது.

ஈரமாக. சில்லென்று. சொரசொரவென்று உப்புப் பூத்து. ஐந்து சின்னச் சின்ன நுனிகள்.

நடையிலிருந்து வரும் நீளம் தொங்கும் எடையின் நடுவரைக்கும்தான். நடுவுக்குக் கீழே என்ன தொங்குகிறது என்று அது சொல்லாது.

கால்விரல்கள் அவர் பிடரியில் வலப்புறமிருந்து இடப்புறம் போயின. இடப்புறமிருந்து வலப்புறம் வந்தன. மாயவன் கடிகாரத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு முக்காலிமேல் நின்றார். நிமிடத்துக்கு எண்பது.

எழுபத்தொன்பது.

எழுபத்தெட்டு.