கனிஷ்காவைத் தூங்கவைத்தது யார்?

காலை எட்டே கால். ஒரகடம் சாலையோரத் தனியார் மருத்துவமனையில், ஸ்கேன் எடுக்க மயக்க மருந்து குடித்த மூன்று வயது கனிஷ்காவின் மூச்சு நின்றது.

மீட்டவர் இளம் டாக்டர் டென்னிஸ். மானிட்டர் கத்துவதற்கு முன்பே, குழந்தையின் மார்பு ஏறவில்லை என்பதைக் கண்டுவிட்டார். தாடையைத் தூக்கி, முகமூடியை அழுத்தி, பையால் காற்றூட்டினார். கனிஷ்கா வீறிட்டு அழுதாள். ஆனாலும் பழி டென்னிஸ் தலையில்தான் விழுந்தது.

"மருந்த ஜாஸ்தியா ஊத்திட்டு இப்ப இன்னா டாக்டர் முழிக்கிறீங்க?" நிர்வாகி ரத்தினம் எகிறினார். "சாயங்காலத்துக்குள்ள பதில் வரணும். இல்லாட்டி வேலைய வுட்டுப் போயிகினே இருங்க."

டென்னிஸுக்கு மயக்க மருந்து கொடுக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்த டாக்டர் வேல்விழி, மறைமலை நகரிலிருந்து பறந்து வந்தார். புட்டியில் மீந்த மருந்தை அளந்தார். தப்பில்லை.

"குடிச்சதும் எப்பத் தூங்குனா?"

"உடனே மேடம். வரும்போதே தூக்கக் கலக்கம். சீக்கிரம் எழுப்பிட்டாங்கன்னு நெனச்சேன்."

"வாயில குடுத்த மருந்து அவ்ளோ சீக்கிரம் வேலை செஞ்சிருக்காதே! வேற மருந்து குடுத்தாங்களான்னு கேட்டியா?"

"அம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். அப்பா பைக்கை நிறுத்தப் போயிருந்தாரு."

வெளியே அம்மா மாடத்தி, கம்பெனிச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"சாமி சத்தியமா ஒண்ணும் கொடுக்கல டாக்டரம்மா. பால்கூடக் கொடுக்கக்கூடாதுன்னு இங்கதான சொன்னாவ?"

அவள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் கணவன் இசக்கிபாண்டி தோளில் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தான். தோளில் ஆரஞ்சு நிறக் கறை.

"நைட் ஷிப்டா மாடத்தி?"

"ஆமா. கம்பெனி பஸ்ஸுல நேரா இங்கதான் வாரேன்."

வேல்விழி இசக்கிபாண்டியிடம் திரும்பினார். "அப்ப ராத்திரி பிள்ளையத் தூங்கவச்சது யாரு?"

அவன் முகம் வெளிறியது. "நாந்தான்... விடியக்காலம் பசியில அழுதுட்டே கெடந்தா. மண்ணூர்ல லைன் வீடு. பக்கத்து ரூம்ல ஷிப்ட் முடிஞ்சு உறங்குதாவ, சத்தம் போடுவாவ. எப்பவும் போல சளி மருந்த ரெண்டு மூடி கொடுத்தேன், கொஞ்சம் எந் தோள்லயும் வடிஞ்சிட்டு. அவ உறங்கத்தான... ஸ்கேனுக்கு ஆகாதுன்னு தெரியாதே!" தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வேல்விழி அவனைத் திட்டவில்லை. ரத்தினத்திடம் சொன்னார்: "சளி மருந்தும் மயக்க மருந்தும் சேர்ந்து மூச்சை அமுக்கிடுச்சு. பெத்தவளுக்கே தெரியாத விஷயம். மானிட்டர நம்பாம, பிள்ளை மார்பையே பாத்துக்கிட்டு நின்னான் பாருங்க, அதுக்கு இவன் கால்லயே விழலாம்."

ரத்தினம் அசடு வழிந்தார்.

அடுத்த பயிற்சி வகுப்பில் வேல்விழி கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேடையேறிய டென்னிஸ், புதிய டாக்டர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"நான் கேட்ட கேள்வி சரி. கேட்ட ஆள்தான் தப்பு. இந்த ஏரியாவுல பாதி அம்மாங்க ராத்திரி கம்பெனி ஷிப்டுல நிக்கிறாங்க. அதனால மருந்தைத் தொடுறதுக்கு முன்னாடி, ராத்திரி பிள்ளை யார்கிட்ட தூங்குச்சுன்னு கேளுங்க. அவங்க வர்ற வரைக்கும் மருந்தைத் தொடாதீங்க."

வேல்விழிக்குப் பெருமை தாங்கவில்லை.